ஸ்பெயின், அக்டோபர், 11 இரவு: இந்த வரைவில் எங்கே ஓட்டை?

கடற்கரைச்சாலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான், மனைவி, 68 வயது அம்மா. சென்னையிலிருந்து ஸ்பெயின், 2026 அக்டோபர் 10 கிளம்பி 11 இரவு. ஐரோப்பாவில் யாரும் கால் வைத்ததில்லை, ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாது. அம்மா தட்டைத் தரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பார். படி என்றால் பத்துப் படிக்கு ஒரு தடவை நிற்க வேண்டும். மூவரும் சைவம், முட்டையும் கிடையாது.

ஏஜென்ட் கொடுத்த வரைவு: மாட்ரிட் 2, டொலேடோ 1, கோர்தோபா 1, செவில்லா 2, ரோண்டா 1, கிரனாடா 2, பார்சிலோனா 2. எல்லாமே ஐந்து நட்சத்திரம். பணத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கொடுத்த பணத்துக்கு அலைச்சல்தான் மிச்சம் என்று ஆகிவிடக் கூடாது. தெரிந்தவர்கள் கிழித்துப் போடுங்கள்.

மாடவீதி

கேட்டீர்கள், கிழிக்கிறேன்.

ஏழு ஊர் என்றால் ஆறு முறை பெட்டி கட்ட வேண்டும். ஓட்டலில் காலி செய்வது நண்பகல் 12, அடுத்த ஊரில் அறை கிடைப்பது பிற்பகல் 3 என்பதுதான் அங்கே வழக்கம். நடுவில் ரயில், டாக்சி, லாபியில் காத்திருப்பு. ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்னும், ஆறு முறைக்கு மூன்று நாள் போச்சு. ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் இது மாறாது.

பார்சிலோனாவை எடுத்துவிடுங்கள். வடகிழக்கு மூலையில் இருக்கிறது, மற்றதெல்லாம் நடுவிலும் தெற்கிலும். டொலேடோவில் தங்க வேண்டாம். மாட்ரிட் அத்தோச்சா நிலையத்திலிருந்து ரயிலில் 33 நிமிடம்தான், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். ரோண்டாவிலும் தங்க வேண்டாம், செவில்லாவிலிருந்து கிரனாடாவுக்குக் காரில் போகும் வழியில் மதியச் சாப்பாட்டு நிறுத்தம் போதும். மிஞ்சுவது நான்கு ஊர்: மாட்ரிட் 3, கோர்தோபா 2, செவில்லா 3, கிரனாடா 3.

தேதியும் சரியில்லை. அக்டோபர் 12 ஸ்பெயினின் தேசிய விடுமுறை, இந்த வருடம் திங்கட்கிழமை. சனி, ஞாயிறு, திங்கள் சேர்ந்து உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் கிளம்புவார்கள். நம் ஊரில் பொங்கல் வாரம் மதுரைக்கு டிக்கெட் தேடுவது மாதிரிதான். 14ஆம் தேதி மாட்ரிடில் இறங்குகிற மாதிரி நகர்த்துங்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். ஏஜென்ட் விமானம், ஓட்டல் என்று வரிசையாகப் போடுவார். இந்தப் பயணத்தில் முதலில் பூட்ட வேண்டியது விமானம் இல்லை, கிரனாடாவில் இருக்கும் அல்ஹாம்ப்ரா கோட்டை வளாகத்தின் நஸ்ரித் அரண்மனை நேரச் சீட்டு. அது எந்தத் தேதியில் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் மற்ற ஊர்களை முன்னும் பின்னும் அடுக்க வேண்டும்.

கடற்கரைச்சாலை

பார்சிலோனா போனதில் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். மற்றபடி ஒப்புக்கொள்கிறேன். அல்ஹாம்ப்ரா வளாகத்துக்குள்ளேயே ஒரு பராதோர் ஓட்டல் இருக்கிறதாமே. அதில் தங்கினால் டிக்கெட்டே வேண்டாம் என்று ஏஜென்ட் சொல்கிறார்.

மாடவீதி

தவறு. ஓட்டல் மதிலுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். அரண்மனைக்கும் ஹெனரலீஃபே தோட்டத்துக்கும் தங்குபவர்களும் டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஓட்டல் அருமையான இடம், அதை மறுக்கவில்லை. பராதோர் என்பது ஸ்பெயின் அரசின் ஓட்டல் வரிசை. 1928இல் தொடங்கியது. பழைய கோட்டை, மடம், அரண்மனைகள் பலவற்றை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். கிரனாடாவில் இருப்பது 15ஆம் நூற்றாண்டு பிரான்சிஸ்கன் மடம். அரசி இசபெல்லாவையும் அரசர் ஃபெர்டினாண்டையும் முதலில் புதைத்தது அங்கேதான், 1521இல்தான் ஊருக்குள் அரச சிற்றாலயத்துக்கு மாற்றினார்கள். நாற்பது அறை அளவுதான் இருக்கும், அதனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பகல் கூட்டம் வெளியேறிய பிறகு அந்த மதிலுக்குள் நடக்கலாம், பணம் அதற்குத்தான்.

இனி டிக்கெட். பொது டிக்கெட்டில் அல்காஸாபா கோட்டை, ஹெனரலீஃபே, நஸ்ரித் அரண்மனைகள் மூன்றும் அடங்கும். முதல் இரண்டுக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். நஸ்ரித்துக்கு மட்டும் அரை மணி நேர நுழைவு. 10:30 என்று போட்டிருந்தால் 11க்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும், தவறினால் அந்த டிக்கெட்டுக்கு அங்கே உயிரில்லை. உள்ளே போன பிறகு எவ்வளவு நேரம் நின்றாலும் கேட்க மாட்டார்கள்.

நம்மவர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று. "தோட்டங்கள், ஹெனரலீஃபே, அல்காஸாபா" என்று மலிவாக ஒரு டிக்கெட் எப்போதும் கிடைக்கும். அதில் நஸ்ரித் கிடையாது. சிங்க முற்றம், 12 சிங்கங்கள் தாங்கும் நீரூற்று, 124 தூண்கள் எல்லாம் நஸ்ரித்துக்குள்தான். வாங்கும்போது டிக்கெட்டில் நேரம் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். நேரம் இல்லையென்றால் நஸ்ரித் இல்லை.

டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும், உள்ளே பல இடங்களில் சரிபார்ப்பார்கள். அசல் பாஸ்போர்ட்டை ஓட்டல் லாக்கரில் பூட்டிவிட்டு போனில் படம் காட்டினால் தகராறுதான்.

தீர்ந்துவிட்டால்? ஊரின் மற்ற நினைவுச் சின்னங்களோடு சேர்த்த தொப்லா தெ ஓரோ டிக்கெட், கிரனாடா கார்டு, வழிகாட்டியோடு வரும் சுற்று, இந்த வரிசையில் தேடுங்கள். தனித்தனி ஒதுக்கீடு என்பதால் ஒன்று காலியானாலும் இன்னொன்றில் இருக்கும். இரவு நேர நஸ்ரித் வேறு டிக்கெட். பகலுக்கு மாற்றாக அதை நினைக்காதீர்கள், சுவர்ப் பூச்சு வேலையின் நுணுக்கம் இருட்டில் பாதிகூடத் தெரியாது.

பெசன்ட்நகர் அலை

அம்மாவுக்காக ஒரு நடை வரிசை. நுழைவு மண்டபத்திலிருந்து நஸ்ரித் வாசலுக்கு 15, 20 நிமிட நடை. ஹெனரலீஃபே நுழைவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் 11 மணி நஸ்ரித் எடுங்கள். 9க்கு டாக்சியில் நுழைவு மண்டபம், முதலில் ஹெனரலீஃபே, பிறகு மெல்ல நடந்து பராதோர் மொட்டைமாடியில் ஒரு காபி, 10:40க்கு ஐந்தாம் சார்லஸ் அரண்மனை. நஸ்ரித் வரிசை அதன் பக்கத்தில்தான். அல்காஸாபா கோபுரத்தை அம்மா விட்டுவிடலாம், முழுக்கப் படி. முடித்ததும் வந்த வழியே மேலே ஏற வேண்டாம். நீதி வாசல் வழியாக இறங்கினால் சி30 பஸ் நிறுத்தம் இருக்கிறது.

அக்டோபர் 15 முதல் குளிர்கால நேரம், 6 மணிக்கு மூடிவிடுவார்கள். 14 வரைதான் 8 மணி. பழைய வலைப்பக்கத்தைப் பார்த்து மாலை நேரம் போடாதீர்கள்.

கிரனாடாவின் அல்பைசீன் பகுதியில் தங்குவதையும் தவிருங்கள். படத்தில் அழகாக இருக்கும். தெருத் தரை ஆற்றுக் கூழாங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பதித்தது, முட்டை அடுக்கினாற்போல. மெல்லிய செருப்பில் பாதம் ஒவ்வொரு கல்லையும் எண்ணும். பெட்டிச் சக்கரம் இடுக்கில் மாட்டி முறியும். சான் நிக்கோலாஸ் மேட்டுக்கு டாக்சியில் போய், சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு அதே வழியில் இறங்கிவிடுங்கள்.

எழும்பூர் சந்திப்பு

ரயில் என் பங்கு.

மாட்ரிட்–கோர்தோபா அதிவேக ரயில் சுமார் 1 மணி 45 நிமிடம். கோர்தோபா–செவில்லா 45 நிமிடம். 1992இல் ஸ்பெயின் திறந்த முதல் அதிவேகப் பாதை இது. ரென்ஃபே, இரியோ, உயிகோ என்று மூன்று நிறுவனங்கள் ஓட்டுகின்றன. உயிகோ மலிவு ரகம், உங்களுக்கு வேண்டாம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் வண்டி நகரும்போது ஓடி ஏற முடியாது. அதிவேக ரயிலுக்குப் பெட்டிகளை எக்ஸ்ரே பார்ப்பார்கள், புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். 40 நிமிடம் முன்னால் நிலையத்தில் இருங்கள். பிளாட்பார எண் கடைசி நேரத்தில்தான் பலகையில் வரும், அதுவரை பதற வேண்டாம். போர்ட்டர் இல்லை. நீங்களே தூக்கிப் பெட்டி ஓரத்து அடுக்கில் வைக்க வேண்டும், ஆளுக்கு 25 கிலோவுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். 28 அங்குலப் பெட்டி மூன்றுக்குப் பதிலாக 24 அங்குலம் மூன்று. அம்மாவுக்கு ரயில் நிலைய உதவிச் சேவை இலவசம், முன்கூட்டிப் பதிவு செய்தால் சக்கர நாற்காலியோடு வண்டிக்குள் ஏற்றிவிடுவார்கள்.

ரென்ஃபே தளத்தில் இந்திய அட்டை பல நேரம் கடைசிப் படியில் மறுக்கப்படும். அட்டையில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை இயக்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் பேபால், இல்லையென்றால் ரயில் டிக்கெட் விற்கும் மற்றத் தளங்கள்.

கோர்தோபாவுக்கு இரண்டு இரவு எதற்கு? காலை 10க்கு இறங்கி, பெட்டியை நிலையத்தில் வைத்துவிட்டு மெஸ்கிதா (பழைய மசூதி, இன்று தேவாலயம்) பார்த்து, 5 மணிக்குச் செவில்லா வண்டி. ஓர் இரவு மிச்சம்.

மாடவீதி

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை, எழும்பூர் சார். காலை 10 முதல் மாலை 5 வரைதான் எல்லா டூர் பஸ்ஸும் அங்கே நிற்கும். நீங்கள் சொல்வது சரியாக அந்த நெரிசலில் கொண்டுபோய்த் தள்ளுகிறது.

மெஸ்கிதாவைத் தொடங்கியது 785 வாக்கில். முதலாம் அப்துர் ரஹ்மான். பிறகு பலமுறை விரித்தார்கள், இன்று 856 தூண். முதல் கட்டத் தூண்கள் பலவும் பழைய ரோமானிய, விசிகோத் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. உயரம் ஒன்றுபோல் இல்லை, தேவையான உயரமும் இல்லை. அதனால்தான் வளைவின் மேல் இன்னொரு வளைவு. வெளிர் கல்லும் சிவப்புச் செங்கல்லும் மாறி மாறி வருவதைத் தூணடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்கு ஆள் இடிக்காத ஒரு மணி நேரம் வேண்டும். திங்கள் முதல் சனி வரை காலை 8:30–9:30 அந்த நேரம். நுழைவு இலவசம், குழுக்களுக்கு அனுமதி இல்லை. இலவசம் என்பதற்காகச் சொல்லவில்லை, அமைதிக்காகச் சொல்கிறேன். அதற்கு ஊரிலேயே படுத்தெழ வேண்டும். தரையும் தட்டை, அம்மாவுக்கு இந்தப் பயணத்திலேயே எளிதான இடம் இதுதான்.

எழும்பூர் சந்திப்பு

அந்த 8:30 வாதம் சரி. ஓர் இரவு போதும் என்ற என் கட்சி மாறவில்லை. ஆனால் அம்மா வருகிறார், இரண்டே இருக்கட்டும்.

தயிர்சாதம்

சாப்பாட்டுக்கு வருவோம். அங்க "வெஹெதரியானோ"னு சொன்னா இறைச்சித் துண்டு இருக்காது, அவ்வளவுதான் உத்தரவாதம். சாலட்ல டூனா மீன் வரும், பருப்புல சோரிசோ (பன்றித் தொத்திறைச்சி) வரும். இதை அட்டையில எழுதி வைச்சுக்கோங்க: "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன், சின் அதூன், சின் வேவோ." இறைச்சி, மீன், ஹாம், டூனா, முட்டை எதுவும் வேணாம்னு அர்த்தம். ஹாமை அவங்க இறைச்சிக் கணக்குல சேர்க்காம மேல தூவுறது உண்டு, அதான் தனியாச் சொல்லணும். சூப்னா "கால்தோ" எதுல செஞ்சதுன்னு கேளுங்க, கோழிச் சாறாத்தான் இருக்கும்.

ரெண்டு சொல்லைக் குழப்பிக்காதீங்க. "மந்தேகியா"ன்னா வெண்ணெய். "மந்தேகா"ன்னா பன்றிக் கொழுப்பு. மடத்துக் கன்னியாஸ்திரிகள் விக்கிற மந்தேகாதோ, போல்வொரோன் ரெண்டும் பிஸ்கட் மாதிரி அழகா இருக்கும், ரெண்டுலயும் கொழுப்புதான்.

நம்பிச் சாப்பிடறது: கோர்தோபா, கிரனாடாவுல "பெரெங்ஹேனாஸ் கோன் மியெல்". கத்தரிக்காயை மெல்லிசாச் சீவி மாவுல புரட்டிப் பொரிச்சு, மேல கரும்புப் பாகு. மாவுல முட்டை உண்டான்னு கேட்டுட்டு வாங்குங்க. செவில்லாவுல கீரை-கொண்டைக்கடலை, "எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்", சீரக வாசனையோட நம்ம கூட்டுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. பாதாமும் பூண்டும் அரைச்ச குளிர் சூப் "அஹோ பிளாங்கோ". காலையில ரொட்டி மேல தக்காளியும் ஆலிவ் எண்ணெயும். சால்மொரேஹோங்கிற குளிர் தக்காளி சூப் ஆர்டர் பண்ணினா மேல முட்டையும் ஹாமும் வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. தொர்தியா உருளைக்கிழங்குதானேன்னு நினைக்காதீங்க, அது முட்டை.

ராத்திரி எட்டு, எட்டரைக்கு முன்னாடி சமையல்கட்டே திறக்க மாட்டாங்க. அம்மா ஏழரைக்குச் சாப்பிடுறவங்கன்னா மதியம் ரெண்டு மணிச் சாப்பாட்டைப் பெரிசா வைச்சுக்கிட்டு, ராத்திரி அறையில தயிரும் பழமும். சூப்பர்மார்க்கெட்ல சர்க்கரை போடாத தயிர் கிடைக்கும். அந்தலூசியாவுல (கோர்தோபா, செவில்லா, கிரனாடா இருக்கிற தெற்குப் பகுதி) ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிடுங்க.

புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தொக்கு எடுத்துட்டுப் போகலாம். நெய், பால்கோவா வேணாம். வெளிநாட்டுப் பயணி பால் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்துல தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. செவில்லாத் தெருவெல்லாம் ஆரஞ்சு மரம் இருக்கும், பறிச்சு உரிக்காதீங்க. நம்ம நார்த்தங்காய் மாதிரி கசப்பு, ஜாம் போடத்தான் லாயக்கு.

கடற்கரைச்சாலை

அம்மா படித்துவிட்டு நெய் இல்லாமலா என்று கேட்கிறார். விசாவும் பெயரும் பற்றி யாராவது? அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. எனக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

இனிஷியல் பிரச்சினை நமக்கே உரித்தானது. விதி ஒன்றுதான்: பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுவே எல்லாவற்றிலும். குடும்பப் பெயர் காலி என்றால் விமான நிறுவனங்கள் ஆளுக்கொரு முறை வைத்திருக்கின்றன, அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள் அல்லது வேறு குறி. நிறுவனத்தைக் கேட்டு அதன்படியே போடுங்கள், இனிஷியலை நீங்களாக விரிக்காதீர்கள். போகும்போது ஒரு நிறுவனம், வரும்போது ஒரு நிறுவனம் என்று உடைக்க வேண்டாம். அம்மாவுக்கு வேறொரு தலைவலியும் இருக்கிறது. துபாயில் விமானம் மாறலாம், ஆனால் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரக விசிட் விசா தருவதில்லை. வழியில் இரண்டு நாள் துபாய் என்று ஏஜென்ட் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். ஸ்பானிஷ் படிவங்களில் இரண்டு குடும்பப் பெயர் கேட்கும், அது அவர்கள் வழக்கம், இரண்டாவதைக் காலியாக விடலாம்.

ஷெங்கன் விசா: பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலி வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. அம்மாவின் ரத்த அழுத்தம், சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் பிரீமியம் கட்டியும் பயன் இல்லை. அவர் செலவு உங்களுடையது என்றால் செலவேற்புக் கடிதமும் உறவுச் சான்றும் வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாய் பெயர் அச்சாகியிருந்தால் அதன் நகலையும் வையுங்கள். அதில் உள்ள பெயரும் அம்மா பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இன்றே பாருங்கள். விசா மைய நேரத்தை "பிடித்துத் தருகிறேன்" என்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

நேரடி விமானம் இல்லை. மாட்ரிடில் இறங்கி மாலகாவில் ஏறுங்கள், கிரனாடாவிலிருந்து கார் ஒன்றரை மணி நேரம். சென்னை–ஃபிராங்ஃபர்ட் வழி என்றால் குடியேற்றச் சோதனை ஃபிராங்ஃபர்ட்டில்தான். முதல்முறை போகிறவர்களுக்கு இப்போது விரல் ரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், அதனால் இணைப்புக்கு 3 மணிக்குக் குறையாமல் வையுங்கள்.

கடையில் அட்டை தேய்க்கும்போது "ரூபாயிலா, யூரோவிலா" என்று இயந்திரம் கேட்டால் யூரோ. ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் போடுவார், உங்கள் வங்கி அல்ல. பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். யாருடைய பான் கொடுக்கிறீர்களோ அவர் கணக்கில்தான் வரவு ஏறும். வருமான வரி கட்டாத அம்மா பெயரில் பிடித்தால் அதைத் திரும்பப் பெற அவர் ரிட்டர்ன் போட வேண்டும்.

பெசன்ட்நகர் அலை

ஓட்டலுக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். லிப்ட் எங்கள் அறை மாடி வரை வருமா, லிப்டுக்கு முன்னால் படி உண்டா? பழைய மாளிகைகளில் லிப்ட் இருக்கும், அதைத் தொட ஐந்து படி ஏற வேண்டியிருக்கும். குளியலறையில் தொட்டியா, தட்டைத் தரை ஷவரா? வண்டி வாசல் வரை வருமா? செவில்லா சாந்தா குரூஸ் சந்துகளில் வராது, ஆள் அனுப்பிப் பெட்டி எடுப்பார்களா என்று கேளுங்கள். மூன்று பேருக்கு "பக்கத்துப் பக்கத்து அறை" என்றால் நடுவில் சுவர்தான், உள்கதவு உள்ள அறை வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். முற்றம் பார்த்த அறை அமைதி, ஆனால் இருட்டு. தெரு பார்த்தது வெளிச்சம், ஆனால் நள்ளிரவு தாண்டியும் பேச்சு.

செவில்லா அல்காஸார் அரண்மனையில் மேல்மாடி அரச அறைகளுக்குத் தனி நேரச் சீட்டு. ஒரு தடவைக்கு மிகச் சிலரையே விடுவார்கள், அதையும் சேர்த்து வாங்குங்கள். ஹிரால்டா கோபுரத்தில் படிக்குப் பதில் 35 சாய்தளம், மேலேறிப் பாங்கு சொல்பவர் குதிரையில் போகக் கட்டியது என்பார்கள். கடைசியில் மட்டும் சில படி. அம்மா பாதி வரை போய் ஜன்னலில் நின்றுவிட்டுத் திரும்பலாம்.

செவில்லா–ரோண்டா–கிரனாடா நாளுக்கு ஓட்டுநரோடு வேன். நீங்களே ஓட்டினால் பழைய நகரங்களில் அனுமதியில்லா வண்டியைக் கேமரா படம் எடுக்கும், அபராதம் பிறகு வரும். செவில்லா–ரோண்டா 1 மணி 45 நிமிடம். அங்கே 98 மீட்டர் உயரப் பாலம், 1793இல் முடித்தது, அதைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடற்கரைச்சாலை

திருத்திய வரைவு. 14 புதன் மாட்ரிட், 3 இரவு (16இல் டொலேடோ). 17 சனி கோர்தோபா, 2 இரவு, 18 ஞாயிறு காலை 8:30 மெஸ்கிதா. 19 திங்கள் காலை ரயிலில் செவில்லா, 3 இரவு. 22 வியாழன் ரோண்டா வழியாகக் கிரனாடா, 3 இரவு. 23 வெள்ளி 11 மணி நஸ்ரித், மூன்று பெயரிலும் இன்று வாங்கிவிட்டேன். 25 ஞாயிறு காலை மாலகா விமானம்.

மாடவீதி

இரண்டு திருத்தம். ஞாயிறு அந்த இலவச அமைதி நேரம் கிடையாது, வழிபாட்டுக்காகப் பார்வையாளரை நடுவில் நிறுத்திவிடுவார்கள். மெஸ்கிதாவை 19 திங்கள் காலை 8:30க்கு வையுங்கள். பெட்டியை ஓட்டலில் விட்டு, பார்த்துவிட்டு வந்து காலைச் சாப்பாடு, 12 மணிக்கு மேல் ரயில். ஞாயிறு முழுக்க ரோமானியப் பாலமும் முற்ற வீடுகளும் பாருங்கள்.

25ஆம் தேதி அக்டோபரின் கடைசி ஞாயிறு. அதிகாலை 3 மணிக்குக் கடிகாரத்தை 2க்குத் திருப்புவார்கள். போன் தானாக மாறும், அம்மாவின் கைக்கடிகாரம் மாறாது. வேன்காரருக்கு "புதிய நேரப்படி" என்று எழுதி அனுப்புங்கள். சென்னையோடு வித்தியாசமும் அன்றிலிருந்து மூன்றரை மணி இல்லை, நாலரை மணி. வீட்டில் விமான நிலையத்துக்கு வருகிறவர்களிடம் வந்திறங்கும் நேரத்தை இந்திய நேரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தயிர்சாதம்

24 சனிக்கிழமையே தயிர் வாங்கிடுங்க. மறுநாள் ஞாயிறு.